பேஸ்மென்ட்டிலிருந்து வந்த நெடி

ஈரமான மரத்தூள் வாசம் எங்கே வந்தாலும், அமெரிக்காவில் பிரிட்ஜ்வாட்டரில் எங்கள் வீட்டு பேஸ்மென்ட் படியில் நின்று மோப்பம் பிடித்த நாட்கள் திரும்பி வந்துவிடுகின்றன. அங்கே வாடகைக்கு இருந்தவன் பிரகாஷ், ஐ.டி. வேலை பார்க்கும் பையன். அவன் கதவுக்கு அடியிலிருந்து ஈர மரத்தூளும் மூத்திரமும் கலந்த நெடி கசிந்து கொண்டே இருந்தது. மூட்டை மூட்டையாக ஓட்ஸ் இறக்கினான். உள்ளே ஓயாமல் ஏதோ சுரண்டியது.

"கஞ்சா கிஞ்சா வளர்க்கிறானோ?" என்றார் என் கணவர்.

"கஞ்சா ஓட்ஸா தின்னும்?" என்றேன். ஆனால் அவனிடம் போய்க் கேட்கவில்லை. சந்தேகத்தை மட்டும் தீனி போட்டு வளர்த்தேன்.

ஒருநாள் வாஷிங் மெஷின் பின்னால் எலிப்புழுக்கையைக் கண்டதும், யாரிடமும் சொல்லாமல் பச்சை நிற எலி மருந்தை வைத்தேன். மறுநாள் மாலை பிரகாஷ் ஒரு டப்பாவோடு மேலே ஓடி வந்தான். உள்ளே ஒரு வெள்ளை எலி. அதன் வாயோரம் பச்சைத் துணுக்கு.

"ஆன்ட்டி, விஷம் வச்சீங்களா? இப்பதான் இதைப் பாம்புக்குப் போட இருந்தேன். தின்னிருந்தா அதுவும் செத்திருக்கும்!"

"பாம்பா?"

"ஆமா. அதுக்குத்தான் எலி வளர்க்கிறேன். கூண்டுலேர்ந்து தப்பிச்சதை இப்பதான் பிடிச்சேன்."

"முதல்லயே சொல்றதுக்கென்ன?"

"சொன்னா வீடு குடுத்திருப்பீங்களா?"

இப்போதெல்லாம் குடிவருபவர்களிடம் என்ன வளர்க்கிறீர்கள் என்று முதல் நாளே கேட்டுவிடுகிறேன். சொல்லாமல் எந்த மருந்தும் வைப்பதில்லை.

அந்த மாதக் கடைசியில் அவன் காலி செய்தான். பாம்புப் பெட்டிக்கு சீட் பெல்ட் போட்டுவிட்டு, கார் ஜன்னல் வழியே தலையை நீட்டினான்.

"ஆன்ட்டி, தப்பிச்சதுல இன்னும் ஒரு எலி கிடைக்கலை. பார்த்தீங்கன்னா போன் பண்ணுங்க. விஷம் மட்டும் வேணாம்."