மூன்று பேர் ரத்தம்

மெர்சிங் படகுத்துறையை விட்டுப் பேருந்து நிலையத்துக்கு நடந்துகொண்டிருந்தேன். கேட்க வந்ததைக் கேட்டாயிற்று. சோதனைக்கு ரத்தம் கொடுக்க முடியாது என்றுவிட்டான் அவன். "எனக்கு என்னாண்ணே குறை? நல்லாத்தானே இருக்கேன்." அவன் என் மனைவியின் முதல் கணவன், நான் வளர்க்கும் ஐந்து வயது மகளைப் பெற்றவன்.

மகள் அடிக்கடி விழுவாள். மாடிப்படி ஏற முடியாது. ஜொகூர் பாருவில் டாக்டர் பார்த்துவிட்டு, பிறவியிலேயே வந்ததாக இருக்கலாம், மரபணுச் சோதனை செய்தால் தெரியலாம் என்றார். குழந்தையின் ரத்தத்தோடு பெற்றவர்கள் இருவருடையதும் இருந்தால் நல்லது, கட்டாயமில்லை. மருந்து உண்டா என்று கேட்டேன். நோய் என்னவென்று தெரிந்தால்தான் சொல்ல முடியுமாம். எடுப்பதென்றால் எந்த நாள் காலையிலும் வரலாம்.

நான் ஆறாம் வகுப்போடு நின்றவன். லாரிப் பட்டறையில் இருந்தபோது, கோளாறு எங்கே என்று பார்த்துவிட்டுத்தான் கழற்றுவோம். எடுத்துவிடலாம் என்றே எனக்குத் தோன்றியது. மனைவி ஒப்பவில்லை.

"எனக்கும் பாப்பாவுக்கும் மட்டும் எடுத்தா எல்லாம் என் தலையிலதான் விழும். அவன் ரத்தமும் வரட்டும். இல்லன்னா வேணாம்."

அவன் வீட்டார் முன்பே அவளை ராசியில்லாதவள் என்று பேசியவர்கள். அவளைக் குறை சொல்ல முடியவில்லை. அதனால்தான் மெர்சிங் வந்தேன்.

பாதி வழியில் ஒரு மோட்டார் சைக்கிள் பக்கத்தில் வந்து நின்றது. அவன்தான்.

"புள்ள விழுதுன்னு சொன்னீங்களே. எப்படி எந்திரிக்குது?"

தரையில் கையை ஊன்றி, பிறகு முட்டியில், பிறகு தொடையில் வைத்துத் தன்னைத்தானே ஏற்றிக்கொள்வாள் என்றேன். அவன் எஞ்சினை அணைத்தான்.

"என் தம்பி அப்படித்தான் எந்திரிப்பான்."

"இப்ப எங்க இருக்காரு?"

"இல்ல. சின்ன வயசுலயே போயிட்டான். சோம்பேறின்னு சொல்லி அடிச்சிருக்கோம்."

வருகிறேன் என்றான். ஆனால் காலையில் மீன் படகுகள் வரும், அவனுக்குப் படகுத்துறையில்தான் வேலை. ஒருநாள் வராவிட்டால் முதலாளி, அந்தச் சீனத் தவுக்கே, வேறொருவனை நிறுத்திக்கொள்வார். அதற்குப் பிறகு அந்த இடம் புதியவனுக்குத்தான். தானே ஓர் ஆளை நிறுத்திவிட்டுப் போனால் சிக்கல் இல்லை.

"நான் நிக்கிறேன்."

"ஐஸ் தூக்கணும்ணே. ஆப்பீஸ் வேலை இல்ல லா."

"என்னைப் பார்த்தா ஆப்பீஸ்ல இருந்தவன் மாதிரியா இருக்கு?"

மனைவிக்குப் போன் செய்து, அவன் வருவதையும் அவன் தம்பியைப் பற்றியும் சொன்னேன்.

"சரி, நாளைக்கே பாப்பாவ கூட்டிட்டுப் போறேன். அவன ஆஸ்பத்திரி வாசல்ல நிக்கச் சொல்லுங்க. வீட்டுக்கு வர வேணாம்."

அன்றிரவு மெர்சிங்கிலேயே தங்கினேன். மறுநாள் விடியுமுன் அவன் ஜொகூர் பாரு பஸ் ஏறினான். நான் அவனுடைய ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டு, படகிலிருந்து இறங்கிய மீன் பெட்டிகளுக்கு ஐஸ் அள்ளிப் போட்டேன். புது ஆளா என்று தவுக்கே மலாய் மொழியில் கேட்டார். இன்றைக்கு மட்டும் என்றேன்.