ஆறு வாரம் முன்னால் வந்த சூசையப்பர்

முதலில் வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். புனிதர்களின் வரலாறு என்று நான்கு தடித்த புத்தகங்களைப் படித்து முடித்த நான், ஒரு கிராமத்துத் திருவிழாவுக்கு ஆறு வாரம் முன்னதாகவே போய் நின்றேன். மார்ச் பத்தொன்பது, இயேசுவின் வளர்ப்புத் தந்தை புனித சூசையப்பரின் திருநாள். புத்தகத்தில் இருக்கிறது, திருச்சபை நாள்காட்டியில் இருக்கிறது. ஊர்க்காரர் யாரிடமாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் படித்தவனுக்கு என்ன மரியாதை?

தஞ்சாவூரில் காலை ஒன்பது மணிக்கு வாடகைக் காரில் கிளம்பினேன். நாள் வாடகை இரண்டாயிரம், டீசல் தனி. ஓட்டுநர் பாலு முப்பது வயதுக்காரர், நெற்றியில் விபூதி. திருவையாறு வரைக்கும் பாலத்துக்கு மேல் பாலம். எந்தப் பாலத்துக்குக் கீழேயும் தண்ணீர் இல்லை, மணல்தான். அறுவடை முடிந்த வயல்களில் உளுந்துச் செடி காய்ந்து நின்றது. திருக்காட்டுப்பள்ளி தாண்டிக் கிளைச் சாலையில் நான்கு கிலோமீட்டர் போனதும் கோயில் கோபுரம் தெரிந்தது. கொடி இல்லை, பந்தல் இல்லை, ஒரு பலூன் கடைகூட இல்லை.

"திருவிழான்னீங்களே சார்?" என்றார் பாலு. நான் கண்ணாடியைத் துடைத்தேன்.

உள்ளே ஒரே ஒருவர் தரையைப் பெருக்கிக்கொண்டிருந்தார். உபதேசியார் சின்னப்பன். பங்குச் சாமியார் பக்கத்து ஊரில் இருப்பதால் இங்கே ஜெபம் சொல்வது, சாவி வைத்திருப்பது எல்லாம் இவர்தான்.

"பூச காலையில ஆறு மணிக்கே முடிஞ்சிடுச்சுங்க. தேர் மே ஒண்ணாந்தேதி. இது தவக்காலம் இல்லீங்களா? மேளம் கிடையாது, கறிச்சோறு கிடையாது. அப்புறம் திருப்பூருக்கு வேலைக்குப் போனவன் எவன் வருவான்?"

மார்ச் பத்தொன்பது எந்த வருடமானாலும் தவக்காலத்தில்தான் விழும். இதுவும் என் புத்தகத்தில் இருந்தது. இரண்டையும் கூட்டிப் பார்க்கத்தான் தோன்றவில்லை. மே முதல் நாளும் சூசையப்பருக்கு உரியது, தொழிலாளர்களின் பாதுகாவலர் என்ற முறையில். ஊரார் தங்களுக்குத் தோதான சூசையப்பரை எடுத்துக்கொண்டார்கள்.

திரும்பிவிடலாம் என்று நினைத்தபோது ஒரு பெண் முக்காட்டை இழுத்து விட்டபடி வந்தார். பெயர் லூர்துமேரி. என்னைப் பார்த்துத் தயங்கிவிட்டு உபதேசியாரிடம் சொன்னார்.

"அண்ணே, தேரக் கொஞ்சம் முன்னுக்கு வைக்க முடியாதா? காலையிலேருந்து கேட்டுக்கிட்டே கெடக்குறாரு. ஒண்ணாந்தேதி வரைக்கும் தாங்காதுன்னு அவருக்கே தெரியுது."

அவர் கணவர் ஆரோக்கியசாமி. வருடா வருடம் அவருடைய டிராக்டரில் பூட்டித்தான் தேர் ஊர் சுற்றும், ஓட்டுவதும் அவர்தான். ஈரல் கெட்டுப்போய், இனி வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பிவிட்டார்கள். தேர் தன் வாசலில் நிற்பதை இன்னொரு தரம் பார்க்க வேண்டுமாம். வேறு எதுவும் அவர் கேட்கவில்லை.

உபதேசியார் சாமியாருக்குப் போன் போட்டார். பேசிவிட்டு வந்து, "தேர் கூடாதாம். சுரூபத்த வேணா எடுத்துட்டுப் போயி ஜெபம் சொல்லச் சொல்றாரு. ஆனா கீழத்தெரு ஒரு கிலோமீட்டராச்சே, இந்த வெயில்ல" என்றவர் வெளியே நின்ற காரைப் பார்த்தார். நானும் பார்த்தேன். நல்ல மரணத்துக்குப் பாதுகாவலர் சூசையப்பர் என்று படித்தவன், அதற்குமேல் யோசிக்க வெட்கமாக இருந்தது.

இரண்டரை அடி உயரச் சிலைதான் அந்தச் சுரூபம். கையில் லீலி மலர், அதில் ஓர் இதழ் உடைந்திருந்தது. முன் சீட்டில் நிறுத்தி உபதேசியார் சீட் பெல்ட்டையும் மாட்டிவிட்டார். நாங்கள் மூவரும் பின்னால் நெருக்கியடித்து உட்கார்ந்தோம். பாலு யாரும் சொல்லாமலேயே முதல் கியரில் போனார். ஒவ்வொரு வாசலாக ஆட்கள் எழுந்து நின்றார்கள். காருக்குப் பின்னால் நடந்து வந்தார்கள். மேளமில்லாத ஊர்வலத்தில் கால்கள் மண்ணில் தேயும் சத்தம் அவ்வளவு கேட்கும் என்று எனக்குத் தெரியாது.

வீட்டு முன்னால் பாலு காரை நிறுத்தினார். சுரூபத்தின் தோள் பக்கம் உபதேசியார், கால் பக்கம் நான். வாசலில் தார்ப்பாய் போர்த்திய டிராக்டரைத் தாண்டி உள்ளே போனோம்.

கட்டிலில் கிடந்தவருக்கு ஐம்பத்தைந்து இருக்கலாம். கண்ணெல்லாம் மஞ்சள். சூசையப்பரை வெகுநேரம் பார்த்தார். பிறகு பார்வை மெல்லக் கீழே இறங்கித் தரையோரம் நின்றது. பாதத்தை வணங்குகிறார், எவ்வளவு பக்தி என்று மனதில் எழுதிக்கொண்டேன்.

"வருஷா வருஷம் நான் போயி கூட்டியாருவேன்" என்றார் மெதுவாக. "இந்த வருஷம் அவரே வந்துட்டாரு. எதுல வந்தாரு?"

"கார்லங்க" என்றார் பாலு, கதவோரத்தில் நின்றபடி.

"ஏசி போட்டியா?"

"போட்டேங்க."

"போறப்ப மேலத்தெரு முக்குல பாத்துத் திருப்பு தம்பி. அங்க பள்ளம். நான் ஒருத்தன்தான் சாயாம திருப்புவேன்."

லூர்துமேரி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். உபதேசியார் மன்றாட்டு சொல்ல, வாசலில் நின்றவர்கள் 'எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்' என்றார்கள். ஆரோக்கியசாமியின் உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. நற்செய்தியில் சூசையப்பர் ஒரு வார்த்தைகூடப் பேசியதாக இல்லை. அது ஒரு குறை என்று அதுவரை நினைத்திருந்தேன்.

மேலத்தெரு முக்கில் பாலு காரை நிறுத்தி, இறங்கிப் பள்ளத்தைப் பார்த்துவிட்டு, அப்புறம்தான் திருப்பினார். சுரூபத்தையும் உபதேசியாரையும் கோயிலில் இறக்கிவிட்டுத் தஞ்சாவூருக்குத் திரும்பினோம். காலியாக இருந்தும் நான் முன் சீட்டுக்குப் போகவில்லை.

குருத்தோலை ஞாயிறுக்கு முந்தின நாள் ஆரோக்கியசாமி போய்விட்டார்.

மே ஒன்றாம் தேதி, சரியான தேதியில், மறுபடி போனேன். மேளம், வாணம், திருப்பூர் பஸ்ஸில் வந்திறங்கிய கூட்டம். டிராக்டரை அவருடைய மைத்துனர் ஓட்டினார். அந்த முக்கில் தேர் ஒரு பக்கம் சாய்ந்து நிமிர்ந்தபோது கூட்டம் மூச்சை இழுத்துப் பிடித்தது. ஆரோக்கியசாமி வீட்டு வாசலில் தேர் வழக்கத்தைவிட அதிக நேரம் நின்றது. லூர்துமேரி வெள்ளைச் சேலையில் மெழுகுவர்த்தியோடு நின்றிருந்தார். என்னைக் கண்டதும் அருகில் வந்தார்.

"கடசி வரைக்கும் உங்களப் பத்திதான் சார் பேசிக்கிட்டிருந்தாரு."

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"சூசையப்பரத் தூக்கிட்டு வந்த மனுஷன், செருப்பக் கழட்டவே இல்லையேன்னு."