ஊசி பிடிக்கும்வரை

எங்கள் ஆம்புலன்ஸில் நர்ஸாக இருந்த அமலா சிஸ்டர் போய்விட்டார் என்று போன் வந்தபோது, பொம்மனஹள்ளி பங்க்கில் வண்டிக்கு டீசல் போட்டுக்கொண்டிருந்தேன். புற்றுநோய் எலும்புவரை போயிருந்தது, எதிர்பார்த்த செய்திதான். எனக்கு அழுகை வரவில்லை. வெட்கம்தான் வந்தது.

அவரோடு வேலை பார்த்தவர்களுக்கு அவருடைய பிடிவாதம் தெரியும். எலும்பு முறிந்தவர் என்றால் டாக்டரிடம் போனில் கேட்டு, ஃபென்டனில் என்கிற கடுமையான வலி மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுவார். மூச்சைக் கவனித்தபடியே இருப்பார். வலி அடங்கும்வரை வண்டியை எடுக்க விடமாட்டார். ஆனேக்கல்லில் ஒருமுறை, கால் நசுங்கிய ஒருவரை ஏற்றிவிட்டு அப்படிக் காத்திருந்தபோது கூட்டம் வண்டியைத் தட்டித் தட்டிக் கத்தியது. நானும் எரிந்து விழுந்தேன்.

"அவசரம் உங்களுக்குத்தாண்ணா, வலி அவருக்கு. இருங்க" என்றார். டிரைவருக்கு வேகம்தான் கெட்டிக்காரத்தனம் என்று நம்பியவன் நான். முணுமுணுத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

போன மாதம் தொம்மலூர் வீட்டில் சிஸ்டரே வழுக்கி விழுந்து தொடை எலும்பு முறிந்தது. கணவர் வேலைக்குப் போயிருந்தார். சிஸ்டரே போன் செய்து எங்கள் வண்டியைத்தான் கூப்பிட்டார். என்னோடு வண்டியில் வந்த நர்ஸ், டாக்டருக்கு லைன் கிடைக்கவில்லை, கொஞ்சம் பொறுங்கள், ஊசி போட்டுவிட்டுப் போகலாம் என்றார். நம் சிஸ்டர் படுத்துக் கிடப்பதைப் பார்த்து எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஆஸ்பத்திரியில் பார்த்துக்கொள்ளலாம் என்று கதவைச் சாத்திவிட்டுக் கிளம்பினேன். பள்ளம், வேகத்தடை எதையும் பார்க்கவில்லை.

"அண்ணா, நிறுத்துங்க... உங்க கால்ல விழறேன், நிறுத்துங்க."

வலியில் ஏதோ பிதற்றுகிறார் என்று இன்னும் மிதித்தேன்.

மறுநாள் அவரைப் பார்க்க வார்டுக்குப் போனேன். அவர்தான் முதலில் பேசினார். "என்னை வச்சு ரேஸ் ஓட்டிட்டீங்களே. அடுத்த ஆளுக்காவது நில்லுங்கண்ணா." கோபமே இல்லாமல் சொன்னார். திட்டியிருந்தால் தேவலை.

அடக்கத்தன்று அவர் கணவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "இவருதான் அன்னைக்கு பறந்து வந்து சேத்தாரு" என்று வந்தவர்களிடமெல்லாம் சொன்னார். நான் தலையாட்டினேன்.

இப்போது மருந்து பிடிக்கும்வரை நான் சாவியைத் திருப்புவதில்லை. சிஸ்டர் எனக்கு விட்டுப்போனது அதுதான். கூட்டம் திட்டுகிறது, வாங்கிக்கொள்கிறேன். அவர் கணவர் சொன்ன நன்றியை மட்டும் வைத்துக்கொள்ள முடியவில்லை. அவரிடம் நான் சொல்ல வேண்டியது இதுதான்: சார், அன்று சிஸ்டர் நிறுத்தச் சொல்லிக் கெஞ்சினார். எனக்குக் கேட்டது. நான் நிறுத்தவில்லை.