லீவு கிடைக்காத விமானி

இரண்டு வருடங்களுக்கு முன்பு துபாயில், ஒரு போலந்துக்காரர் வீட்டில் அவருடைய அம்மாவைக் கவனித்துக்கொள்ளும் நர்ஸாக இருந்தேன். எனக்குக் கன்னியாகுமரிப் பக்கம் கடற்கரை ஊர். அந்த அம்மாவுக்கு வயது எண்பத்தைந்தைத் தாண்டிவிட்டது, ஞாபகமும் நிற்காது. நாங்கள் பேசிக்கொண்டதெல்லாம் அரைகுறை ஆங்கிலத்தில்தான்.

கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு படம் இருக்கும். போர் விமானத்தில் சாய்ந்து சிரிக்கும் வாலிபர். அம்மாவின் அப்பா என்றார் மகன். ஜெர்மனி போலந்தைப் பிடித்ததும், மனைவியையும் கைக்குழந்தையையும் விட்டுவிட்டு இங்கிலாந்துக்குத் தப்பிப்போய், அங்கிருந்து பறந்து எதிரி விமானங்களைச் சுட்டு வீழ்த்தியவராம். ஒருமுறை எரிகிற விமானத்திலிருந்து குதித்துப் பிழைத்தாராம். போரில் ஜெயித்தும் ஊர் திரும்ப முடியவில்லை. போலந்தில் வந்த புது ஆட்சி, திரும்பியவர்களைப் பிடித்துச் சிறையில் போட்டதாம். இங்கிலாந்திலேயே பஸ் ஓட்டிப் பிழைத்து, மகளை மறுபடி பார்க்காமலே இறந்துபோனார். ஜெயித்தவர் ஏன் வீட்டுக்குப் போகக் கூடாது? எத்தனை முறை கேட்டும் எனக்கு மண்டை குழம்பியதுதான் மிச்சம்.

கல்லறைத் திருநாள் வந்தது. எங்கள் ஊரில் அன்று எல்லாக் கல்லறையிலும் மெழுகுவர்த்தி எரியும். இவர்களும் கத்தோலிக்கர்தானே, அம்மா சந்தோஷப்படுவார் என்று நானாகவே அந்தப் படத்தின் முன்னால் ஒன்றை ஏற்றினேன்.

தூங்கி எழுந்த அம்மா அதைப் பார்த்ததும் முகம் வெளுத்துப்போனார்.

"அப்பா செத்துட்டாரா?"

என் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். அவர் மனதில் அப்பா இன்னும் வர வேண்டியவர் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. உண்மையைச் சொன்னால் அந்த உயிர் தாங்குமா? கல்லறைத் திருநாள் அன்று பொய் சொல்லலாமா? மகனோ ஆபீஸில். கலாஸ், வேலை போச்சு என்றும் பயம். மெழுகுவர்த்தியை ஊதி அணைத்தேன். வாயில் தானாக வந்தது.

"அப்பா டூட்டியில இருக்காரும்மா. லீவு கிடைக்கல."

என்னையே பார்த்தார். பிறகு, "அங்க குளிருமே, ஸ்வெட்டர் அனுப்பணும்" என்றார். சமாதானமாகச் சூப்பும் குடித்தார்.

அன்று சாயங்காலம் வீடியோ காலில் என் மகள், "எம்மா, எப்பம்மா வருவ?" என்றாள்.

"டூட்டி இருக்குல்லா மக்களே, லீவு..." என்று தொடங்கினேன். அழுதுவிட்டேன்.

மறுநாளே, என்னை வேலைக்கு அனுப்பிய ஏஜென்சியில் சண்டை போட்டு லீவு வாங்கி, ஊருக்குப் போய்வந்தேன். அந்த அம்மாவுக்கு நான் சொன்னது ஆறுதலா, பாவமா என்று இன்றுவரை தெரியவில்லை. ஆனால், 'லீவு கிடைக்கல' என்று என் மகளிடம் சொல்லப் போகும்போதெல்லாம், கிழவியான பிறகும் அப்பாவுக்காகக் காத்திருந்த அந்தக் குழந்தைதான் கண்முன் வந்து நிற்கிறது.