தண்ணீர் இறங்கியதும் வீசிய தொப்பி

அகாத்தாவை ஊரே பயந்தாங்கொள்ளி என்றது. எங்கள் ஊருக்குக் கிழக்கே ரைன் நதி, அதற்கு அக்கரை ஆஸ்திரியா. வெள்ளத்தில், நீர்மட்டம் அளக்கக் கரையில் நட்ட மட்டக்கோலில் தண்ணீர் சட்டென்று இறங்கினால் எதிர்க்கரை உடைந்துவிட்டது, நம் கரை பிழைத்தது என்று அர்த்தம். உடனே எங்கள் ஆண்கள் தொப்பியை வீசிக் கூத்தாடுவார்கள். நம் கரை உடைந்தால் அக்கரைக்காரர்களும் அப்படித்தான். இரண்டு கரையிலும் ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறவர்கள், கேட்டுக்கொள்ளுங்கள்.

பிறகு இரண்டு அரசாங்கங்களும் கூடிப் பேசி, ஆற்றை நேராக்க ஊருக்கு மேற்கே புது வாய்க்கால் வெட்டின. எதிர்த்துக் கத்தியவர்களே கடைசியில் கூலிக்கு மண் சுமந்தார்கள். அகாத்தாவின் புருஷன் காலுஸும் சுமந்தார். மகள் ஒத்திலியாவைக் கட்டிக்கொடுத்த ஊர் மேற்கேதான் இருந்தது. நடுவில் சோளக்காடு இருந்த இடத்தில் இப்போது ஆறு ஓடியது.

"மக வீட்டுக்கும் நமக்கும் நடுவுல ஆத்தை விட்டுட்டீங்களே!" என்று அகாத்தா புலம்புவாள்.

"உனக்குக் கிணத்தைப் பாத்தாலும் கடல்தான்டி," என்பார் காலுஸ்.

புது ஆற்றில் முதல் பெரிய வெள்ளம் வந்தது. மகள் ஊருக்குப் போகும் பாலத்தை அடைத்துவிட்டார்கள். ஆண்கள் கரையில் மண்மூட்டை அடுக்கினார்கள்; வேலை ஓய்ந்தபோது கொக்கி வீசி, மிதந்து வந்த மரங்களை இழுத்தார்கள். அகாத்தா மட்டக்கோலைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"கோலை முழுங்கிடாதீங்க அக்கா," என்றேன், பக்கத்தில் நின்ற நான்.

"ஏறினா நாம போவோம். இறங்கினா யாரு போவா? சொல்லுடி."

நானும் கோலைப் பார்க்க ஆரம்பித்தேன்.

மதியம் தண்ணீர் ஒரு முழம் இறங்கியது. "இறங்குது! இறங்குது!" என்று முதலில் தொப்பியை வீசியவர் காலுஸ். பாட்டன் காலத்துப் பழக்கம், கை தானாகப் போனது. கரை முழுக்க ஆரவாரம்.

"எங்கேங்க இறங்குச்சு?" என்றாள் அகாத்தா. "யார் வீட்டுக்குள்ள இறங்குச்சு?"

அக்கரையில் மகள் ஊர்க் கோயில் மணி அடிக்க ஆரம்பித்தது. காலுஸ் ஆற்றை நோக்கி ஓடினார். நாலு பேர் பிடித்து இழுத்தார்கள். இரவெல்லாம் அகாத்தா ஜெபமாலையும் கையுமாகக் கரையிலேயே நின்றாள்.

மறுநாள் பாலம் திறந்ததும் ஒத்திலியா வந்தாள். கையில் மாட்டுக்கயிறு இருந்தது, மாடு இல்லை. அகாத்தா அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். பிறகு சூடான சோளக்களியை முன்னால் வைத்தாள்.

இரண்டு வாய் தின்றபின் ஒத்திலியா அப்பாவைப் பார்த்தாள்.

"கூரைமேல உக்காந்திருந்தப்ப உங்க கரையில பெருசா சத்தம் கேட்டுச்சுப்பா. எங்களைக் காப்பாத்தத்தான் கிளம்பிட்டீங்கன்னு நினைச்சோம்."