பல்லடத்தில் பட்டை போட்ட மக்காச்சோளம்

சுண்ணாம்புக் கல் கலந்த சுக்கான் மண்ணில் மக்காச்சோளம் தேறாது என்று கோவையில் நான் விசாரித்த மூன்று பேரும் சொன்னார்கள். அதனால்தான் போனேன். 1997 கார்த்திகை மாதம். கோழித் தீவனத்துக்கு மக்காச்சோளம் தேடிப் பல்லடம் பக்கம் லாரிகள் அலைந்துகொண்டிருந்தன.

காந்திபுரத்தில் காலை ஆறரைக்குப் பஸ் ஏறினேன். பல்லடம் முப்பத்தெட்டுக் கிலோமீட்டர், ஒன்பது ரூபாய். பிறகு டவுன் பஸ்ஸில் இன்னும் ஐந்து கிலோமீட்டர். இறங்கிய இடத்தில் டீக்கடை கிடையாது. பல்லடத்திலேயே சாப்பிட்டுவிடுங்கள்.

நான் பார்க்கப் போனவர் அமிர்தம். மண் பரிசோதனைக் கூடத்து வாசலில் அறிமுகமானவர். அவருடைய நான்கு ஏக்கரின் காரத்தன்மை பி.எச். 8.6, கிளறினால் சுண்ணாம்புக் கல். பயிர் முழங்கால் உயரம் நின்றது. ஆனால் குருத்திலைகளில் நடுநரம்புக்கு இருபுறமும் வெள்ளை வெள்ளையாகப் பட்டை.

வேலியோரம் மஞ்சள் பெயின்ட் அடித்த சைட்டுக் கற்கள் குவிந்திருந்தன. மாசிக்குள் மகசூல் எடுக்காவிட்டால் நிலத்தை வீட்டுமனைக்கு விட்டுவிடுவதாகக் குடும்பத்தார் முன்னால் அமிர்தம் ஒப்புக்கொண்டிருந்தார். கற்களை இறக்கியவர் அவர் கணவரின் தம்பி. அன்றும் மொபெட்டில் வந்து நின்றார்.

"ஏனுங்க அண்ணி, பயிரெல்லாம் பட்டை போட்டுக்கிச்சே, பழனிக்கு அனுப்பிச்சுப்போடலாங்களா?"

"பயிரு பட்டையோட நிக்குமுங்க தம்பி. மொட்டை போடப் போறது உங்க சைட்டுத்தானுங்க."

அவர் போனதும் அமிர்தம் என்னிடம் திரும்பினார். "ஜிங்க்கும் டி.ஏ.பி.யும் பேச்சுவார்த்தை இல்லாத பங்காளிங்க. ஒரே பந்தியில உக்கார வெச்சுப்போட்டேன்."

நடந்தது இதுதான். பரிசோதனைக் கூடத்தில் தனித்தனியாகப் போடச் சொல்லியிருந்தும், வேலை சுருக்காக முடியட்டும் என்று இரண்டையும் ஒரே கூடையில் கலந்து போட்டுவிட்டார். டி.ஏ.பி.யில் உள்ள மணிச்சத்தும் ஜிங்க் என்கிற துத்தநாகமும் ஒன்றையொன்று கட்டிப்போட்டன. மிச்சத்தை மண்ணின் சுண்ணாம்பு பிடித்துக்கொண்டது. சத்து மண்ணில் இருந்தது, வேருக்குக் கிடைக்கவில்லை.

"மண்ணு குடுக்கலீன்னா எலைக்கே ஊட்டிப்போடறேன்" என்று சாயங்காலம் தெளிப்பானைத் தோளில் மாட்டினார். பத்து லிட்டர் தண்ணீருக்கு ஐம்பது கிராம் சிங்க் சல்பேட், இருபத்தைந்து கிராம் சுண்ணாம்பு கரைத்த தெளிநீர்.

"சுண்ணாம்பு மண்ணுக்கு மறுபடியும் சுண்ணாம்பா?" என்றேன்.

"மண்ணுக்கில்லீங்க. எலை கருகாம இருக்கறதுக்கு."

பத்து நாள் கழித்து இன்னொரு தெளிப்பு. வேரைச் சுற்றிக் காரம் கொஞ்சம் இறங்கட்டும் என்று, மேலுரமாக யூரியாவுக்குப் பதில் அம்மோனியம் சல்பேட்டை வேரோரமாக வைத்து மண் அணைத்தார்.

மாசியில் மறுபடி போனேன். வடக்கு மூலை சோடைதான். அதை அவர் மறைக்கவில்லை. மற்ற இடமெல்லாம் கதிர் முற்றி, அடித்த மணி களத்தில் தார்ப்பாய்க்கு அடியில் குவிந்திருந்தது. லாரி வரவேண்டியதுதான் பாக்கி.

இப்படிப்பட்ட மண்ணில் விதைக்க நினைப்பவர்கள் முதலில் மண்ணைப் பரிசோதியுங்கள். இங்கே சிக்கல் சுண்ணாம்பு. ஜிப்சம் கொட்டினால் காரம் குறையாது. களர் நிலம் வேறு, ஜிப்சம் அதற்கான வைத்தியம். தொழு உரம் தாராளமாகப் போடுங்கள். துத்தநாகத்தையும் மணிச்சத்தையும் ஒன்றாகக் கலந்து போடாதீர்கள். தேறாது என்பவர்கள் சொல்வதையும் கேட்டுக்கொள்ளுங்கள், பிறகு நேரில் போய்ப் பாருங்கள்.

காற்றில் தார்ப்பாய் பறக்காமலிருக்க அதன் நான்கு ஓரத்திலும் மஞ்சள் பெயின்ட் அடித்த கற்கள் வைத்திருந்தார்கள்.

"தம்பி எறக்குன கல்லுங்க" என்றார் அமிர்தம். "நல்ல கனமுங்க."