நானே முடைந்த ஓலைப்பெட்டி

"வீல்சேர் வசதி உண்டு" என்று யாராவது சொன்னால், எதுவரை உண்டு என்று கேட்டுக்கொள்ள வேண்டும். வெளியூர் போகும்போது நான் வழக்கமாகக் கேட்பேன். அன்றைக்குக் கேட்கவில்லை.

அலுவலகப் பயிற்சிக்காக ஆரணிப் பக்கத்திலிருந்து தாம்பரம் வந்திருந்தேன். நடுவில் ஒரு ஞாயிறு. கூட வந்தவர்கள் வண்டலூருக்குப் புலி பார்க்கப் போனார்கள். நான் வாட்ஸப்பில் வந்த ஒரு விளம்பரத்தைப் பிடித்துக்கொண்டேன். பெருங்களத்தூரில் ஒரு வீட்டில் பனையோலைப் பெட்டி முடையும் வகுப்பு. பத்து மணி முதல் ஒரு மணி வரை. வீல்சேர் வசதி உண்டு.

பெட்டி எனக்குப் பெரிதில்லை. அதை முதல் ஓலையிலிருந்து கடைசி மடிப்புவரை நானே செய்ய வேண்டும் என்பதுதான் பெரிது. எங்கள் வீட்டில் முதன்முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். அப்பாவின் முதுகில் ஏறித்தான் போனேன். அங்கே கைவேலை வகுப்பில் நான் பாதி செய்வதற்குள் டீச்சர் வாங்கி முடித்துவிடுவார். ஆண்டுவிழாவில் அதற்கே எனக்கு முதல் பரிசு கிடைக்கும். மேடைக்கு என்னைத் தூக்கிக்கொண்டு போவார்கள். நான் செய்யாத பூ ஜாடிக்கு ஊரே கைதட்டும். வேலைக்குப் போய் என் சம்பளத்தில் சக்கர நாற்காலி வாங்கிய நாளிலிருந்து என்னைத் தூக்க யாரையும் விட்டதில்லை.

ஆட்டோக்காரர் ஒரு தடவை கேட்டார். "இன்னாம்மா, தூக்கி வுடட்டா?"

"வேணாம்ணா, நானே ஏறிக்குவேன்."

"சரி ஏறு. நா வண்டிய புட்ச்சிக்கிறேன்." அவ்வளவுதான். மறுபடி கேட்கவில்லை. நாள் நன்றாகப் போகும் என்று நம்பிவிட்டேன்.

அந்த வீட்டில் சாய்வுப் பாதை உண்மையிலேயே நன்றாக இருந்தது. வீட்டுக்கார சார், பணி ஓய்வு பெற்றவர், வாசலிலேயே நின்றிருந்தார். "ஸ்லோப் அளந்து கட்டினதும்மா. பாத்ரூம் கதவைக்கூட அகலமாக்கிட்டேன்" என்றார். நானே உருட்டிக்கொண்டு மேலே போனேன். மேலே, நிலைப்படிக்கு முன்னால், செருப்புகள் வரிசையாகக் கிடந்தன. அவர் மனைவி கையை நீட்டி என்னை நிறுத்தினார்.

"தப்பா எடுத்துக்காதீங்கம்மா. ஹால்ல சாமி இருக்கு. இந்தச் சக்கரம் ரோடெல்லாம் போய்ட்டு வருது இல்லையா, செருப்பு மாதிரிதானே? இதை இங்கயே விட்டுடுங்க. உள்ள உங்களுக்குன்னு குஷன் போட்டு சேர் வச்சிருக்கேன். நம்ம வாட்ச்மேன் அலேக்கா தூக்கி உக்கார வச்சிடுவார்."

வாட்ச்மேன் கையைத் துடைத்துக்கொண்டு தயாராக நின்றார்.

வழியை அளந்து கட்டியவர்களுக்கு, அந்த வழியாக வருவது சக்கரம் என்பது தோன்றவில்லை. எனக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. கத்தினால் "பாவம், டென்ஷன்" என்பார்கள். அதனால் கேட்டேன்: "ஒரு பக்கெட் தண்ணியும் பழைய துணியும் குடுங்கம்மா."

"அய்யோ, நீங்க போய்த் துடைக்கிறதா!"

"என் செருப்பும்மா. நான்தானே கழுவணும்."

வாசலிலேயே, நாற்காலியில் உட்கார்ந்தபடி, சக்கரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பித் திருப்பித் துடைத்தேன். உள்ளே வகுப்பு ஆரம்பித்துவிட்டது. துடைத்து முடித்ததும் அந்த அம்மா ஒரு சொம்பில் மஞ்சள் தண்ணீர் கொண்டுவந்து இரண்டு சக்கரத்திலும் தெளித்தார். "ஒரு திருப்திக்கு" என்றார். என் வெள்ளைச் சுடிதாரிலும் திருப்தி தெறித்தது.

நாற்காலியை உருட்டிக்கொண்டு உள்ளே போனேன். சொல்லிக்கொடுக்க வந்தவள் வண்டலூர்ப் பக்கத்து ஊர்க்காரி. என் வயதுதான் இருப்பாள். மற்றவர்கள் முன்னால் ஊறவைத்த ஓலைகள் கிடந்தன. என் முன்னால் மட்டும் அடிப்பாகமும் இரண்டு பக்கமும் முடைந்த பெட்டி ஒன்று இருந்தது. "உங்களுக்காக ஸ்பெஷலா பாதி போட்டு வைக்கச் சொன்னேன். சிரமம் இல்லாம முடிச்சிடலாம்" என்றார் அந்த அம்மா.

பழைய டீச்சரே புடவை மாற்றிக்கொண்டு வந்து நிற்பதுபோல் இருந்தது. எனக்கு நடக்கத்தான் வராது. விரலுக்கு என்ன கேடு? அதை ஒதுக்கி வைத்துவிட்டுப் புது ஓலை கேட்டேன்.

சொல்லிக்கொடுப்பவள் சிரித்தாள். "இன்னாக்கா, இது புடிக்கலியா? நா போட்டதுதான்."

"நல்லாத்தான் இருக்கு. ஆனா நீங்க போட்டது."

"அப்ப லேட்டாவும். பரவால்லியா?"

"பரவால்ல."

ஒன்று மேல், ஒன்று கீழ். கேட்கும்போது சுலபம். மூலையில் திருப்பும்போது எல்லா ஓலையும் ஒன்றோடொன்று சண்டைக்கு நின்றது. பக்கத்தில் இருந்த, ஐ.டி.யில் வேலை பார்க்கும் பெண் மூன்று தடவை "அச்சோ, குடுங்க, நான் போட்டுத் தரேன்" என்றாள். மூன்றாவது தடவை கையையே நீட்டிவிட்டாள். நான் பெட்டியை மறுபக்கம் நகர்த்திக்கொண்டேன். அவள் முகம் சுருங்கிவிட்டது. அதற்கும் நான்தான் சமாதானம் சொல்ல வேண்டியிருந்தது.

ஒரு மணிக்கு எல்லோரும் முடித்துவிட்டார்கள். எனக்குப் பெட்டி முடிந்திருந்தது; மூடி பாக்கி. குரூப் போட்டோ எடுக்க வந்த அந்த அம்மா, வேறொரு முழுப்பெட்டியை என் மடியில் வைத்தார். "இதைப் பிடிச்சுக்கோங்கம்மா, போட்டோக்குத்தான்."

"இது என்னுது இல்லம்மா."

"யாருக்குத் தெரியப் போகுது?"

"எனக்குத் தெரியும்ல." குரல் உயர்ந்துவிட்டது. சார் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "சரி, அவங்க முடிக்கட்டும்" என்றார். நான் இல்லாமலே போட்டோ எடுத்தார்கள். பிறகு ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள்.

சொல்லிக்கொடுப்பவள் சிதறிய ஓலைகளைக் கூட்டிக்கொண்டே, "பொறுமையா போடுக்கா. மூடிக்கு மட்டும் இழுக்காத, லூசா வுடு. அப்பதான் மேல உக்காரும்" என்றாள். நான் தலையை ஆட்டினேன். ஆனால் மடியில் வைத்த அந்தப் பெட்டியை நினைக்க நினைக்க விரல் தானாக இறுகியது.

கடைசி மடிப்பைச் செருகி, மூடியைப் பெட்டிமேல் வைத்தேன். உட்காரவில்லை. அழுத்தினேன். ஒரு பக்கம் இறங்கினால் மறுபக்கம் எழும்பியது.

அவள் துடைப்பத்தைப் போட்டுவிட்டு வந்து பார்த்தாள். "சொன்னேன்ல? உன் கோவமெல்லாம் மூடில கீது."

அந்த அம்மா ஓடிவந்தார். "குடுங்கம்மா, இவளே ஒரு நிமிஷத்துல சரி பண்ணிடுவா."

"வேணாம்மா. இப்படியே இருக்கட்டும்."

எனக்குக் கடுப்புதான். மூன்று மணி நேர வேலைக்கு மூடாத பெட்டி. ஆனால் அன்று எனக்கு வந்த கடுப்புகளில் இது ஒன்றுதான் என் கையால் வந்தது. சின்னதாகிப்போன மூடியைப் பெட்டிக்கு உள்ளேயே போட்டு மடியில் வைத்துக்கொண்டு, ஆட்டோவுக்குப் போன் செய்தேன்.